ஆயிரத்துக்கு மூன்று: மரபணுத்தொகை வேறுபாட்டை ஆராய எந்த உயிரியைத் தேர்ந்தெடுப்பது?

பரிணாம மரபியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குபவர் முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எந்த உயிரியில் வேலை செய்வது என்ற முடிவை மட்டும் எளிதில் திருத்த முடியாது. கேள்வியைப் பாதியில் மாற்றலாம், கணிப்பு முறையை மாற்றலாம், ஆனால் உறைபெட்டியில் சேர்த்து வைத்த ரகங்களையும் அவற்றைக் கையாளுவதற்குப் பெற்ற பயிற்சியையும் மூன்றாம் ஆண்டில் கைவிட யாருக்கும் மனம் வராது. இந்தக் கேள்வியோடு வருகிற மாணவர்களுக்கு நான் சொல்வதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒன்று, நல்ல நுண்ணோக்கி ஒன்று, சில நூறு மாதிரிகளை வரிசைப்படுத்தும், அதாவது அவற்றின் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும், அளவுக்குப் பணம், நான்கு அல்லது ஐந்து ஆண்டுக் காலம் ஆகியவை உள்ளவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவருடைய கேள்வி பொதுவானது: ஓர் இனத்தின் தனியன்களுக்கிடையே மரபணுத்தொகையில், அதாவது முழு டிஎன்ஏவில், இருக்கும் வேறுபாடு எவ்வாறு உண்டானது, அதில் எவ்வளவு பங்கு உயிரியின் பண்புகளில் வெளிப்படுகிறது?

மாணவர்கள் பலர் முதலில் ஓர் எண்ணைப் பார்க்கிறார்கள். ஓர் இனத்திலிருந்து இரண்டு தனியன்களை எடுத்து அவற்றின் டிஎன்ஏவை ஒப்பிட்டால் எத்தனை எழுத்துகளுக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்பதுதான் அந்த எண். மனிதர்களில் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகளுக்கு ஒன்று; பழ ஈயில் ஏறக்குறைய இருநூறுக்கு ஒன்று; ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட்டில் ஆயிரத்துக்கு மூன்று; அதற்கு மிகத் தொலைவான உறவுடைய சைசோசாக்கரோமைசிஸ் பாம்பே என்ற பிளவு ஈஸ்ட்டிலும் ஆயிரத்துக்கு மூன்று. ஈஸ்ட் செல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மனிதர்களின் எண்ணிக்கை ஒன்றுமே இல்லை என்றாலும் வேறுபாடு மூன்று மடங்கைத் தாண்டவில்லை. உயிரினங்களின் எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் மரபு வேறுபாடு அதற்கேற்ப ஏறுவதில்லை என்ற இந்தப் புதிரை மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1974-இல் எழுப்பினார். இன்றும் அது முழுமையாகத் தீரவில்லை.

ஆகவே இந்த எண்ணை வைத்து உயிரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஈஸ்ட்களிலும் ஒரே எண் வருகிறது, ஆனால் இரண்டும் அந்த எண்ணை அடைந்த வழிகள் முற்றிலும் வேறு. அந்த வழியைத் தெரிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும். அந்த உயிரி எத்தனை தலைமுறைக்கு ஒரு முறை பாலினப் பெருக்கம் செய்கிறது? அதன் வரலாற்றில் மனிதனின் கை எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது? ஒரு வேறுபாட்டைக் கண்டபின் அதை வேறொரு ரகத்தில் புகுத்தி அதன் விளைவை நேரடியாகச் சோதிக்க முடியுமா? இன்றைய ரகத்தை உறைய வைத்துப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு எடுக்க முடியுமா?

ஈஸ்ட் அல்லாத உயிரிகளை முதலில் பார்த்துவிடலாம். பழ ஈயின் மரபணுத்தொகை 2000-இல் வெளியானது. அமெரிக்காவின் ராலே நகரில் பிடிக்கப்பட்ட ஈக்களை உறவுக்குள்ளேயே கலந்து உருவாக்கிய 205 உட்கலப்பு வரிசைகள் இன்று எவருக்கும் கிடைக்கின்றன. நரம்பு, நடத்தை, முதுமை போன்ற பண்புகளில் இயற்கையான வேறுபாட்டைத் தேடுபவருக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் வழக்கமான ஆய்வுக்கூடங்களில் ஈக்களை உறைய வைப்பதில்லை; சில வாரங்களுக்கு ஒரு முறை புதிய உணவுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றும்போதெல்லாம் அந்த வரிசை சற்றே வேறொன்றாகிக்கொண்டிருக்கும். அரபிடாப்சிஸ் செடியில் 1,135 இயற்கை ரகங்களின் மரபணுத்தொகைகள் 2016-இல் வெளியாயின; விதைகளைச் சேமிப்பது எளிது, பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதால் ஒரு ரகம் ஒரே ரகமாகவே நிற்கும். ஆனால் தலைமுறைக்கு ஒன்றரை மாதமாவது ஆகும் செடியில் நூறு தலைமுறைப் பரிணாமத்தைக் கண்ணால் பார்க்க நினைப்பவர் ஏமாந்துவிடுவார். உருளைப்புழுவான சீனோராப்டிடிஸ் எலிகன்ஸை உறைய வைக்கலாம், மூன்றரை நாளில் தலைமுறை முடியும். ஆனால் அதன் உலகளாவிய ரகங்களில் குரோமோசோம்களின் பெரும்பகுதிகளை அண்மைக்காலத் தேர்வு துடைத்தெடுத்துவிட்டது, பழைய வேறுபாடு ஹவாய் போன்ற சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஈ. கோலை பாக்டீரியாவை இவ்வளவு விரைவாகக் கடந்துவிட முடியாது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரே மூதாதையிலிருந்து தொடங்கிய 12 இனக்கூட்டங்கள் 70,000 தலைமுறைகளைத் தாண்டி இன்றும் வளர்கின்றன. 500 தலைமுறைக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கு உறைய வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒரே ஒரு கூட்டம் சுமார் 31,500 தலைமுறைகளுக்குப் பிறகு ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட்டை உண்ணும் திறனைப் பெற்றபோது, அது எந்தக் கட்டத்தில் சாத்தியமானது என்பதைப் பழைய குப்பிகளை உருக்கி மீண்டும் வளர்த்தே சோதிக்க முடிந்தது. பரிணாமத்தை முன்னோக்கிப் பார்க்க விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த உயிரி இல்லை. ஆனால் இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டைப் பின்னோக்கிப் படிக்கும் நம் கேள்விக்கு அது சிக்கலான துணை. மூன்று ஈ. கோலை ரகங்களை 2002-இல் ஒப்பிட்டபோது அவை மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் மொத்தத்தில் 39.2 விழுக்காடு மட்டுமே என்று தெரியவந்தது. மரபணுக்கள் தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமின்றி அண்டையில் இருப்பவற்றிடமிருந்தும் வருவதால், பெற்றோரையும் சந்ததியையும் வைத்து ஒரு பண்பைப் பிரித்துப் பார்க்கும் மெண்டலின் வழி அங்கே இல்லை. எனக்கு அந்த வழி வேண்டும். அதனால்தான் ஈஸ்ட்டுக்கு வருகிறேன்.

செரிவிசியேயின் மரபணுத்தொகை 1.2 கோடி எழுத்துகள், 16 குரோமோசோம்கள், ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். 1996-இல் அது முழுமையாக வெளியானபோது, உட்கரு உடைய உயிரிகளில் முதலில் படிக்கப்பட்ட மரபணுத்தொகை என்ற பெருமையைப் பெற்றது. படிக்கப்பட்ட ரகத்தின் பெயர் எஸ்288சி. அதன் பரம்பரையில் பெரும்பகுதி 1938-இல் கலிபோர்னியாவின் மெர்சட் என்ற ஊரில் அழுகிய அத்திப்பழத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒரு ஈஸ்ட்டுக்குப் போகிறது. அந்த ஒற்றைப் பழத்தின் வழித்தோன்றலைத்தான் உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக ‘ஈஸ்ட்’ என்று அழைத்து வந்தோம். அதில் ஹாப்1 என்ற மரபணுவுக்குள் தாவும் டிஎன்ஏ ஒன்று நுழைந்து கிடக்கிறது; ஃப்ளோ8 என்ற மரபணு பாதியில் அறுந்து நிற்கிறது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக மிதப்பது ஆய்வுக்கூடத்தில் வசதி என்பதால் அந்தக் குறையையே முன்பு விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பல இயற்கை ரகங்களை ஒரே சூழல்களில் வளர்த்து ஒப்பிட்ட 2011 ஆய்வு, இந்த மாதிரி ரகம்தான் தன் இனத்திலேயே மிகவும் விலகி நிற்பது என்று காட்டியது. ஆகவே செரிவிசியேயைத் தேர்ந்தெடுப்பவர் எஸ்288சியை மட்டும் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

அந்தக் கவலை இன்று பெருமளவு தீர்ந்துவிட்டது. ஸ்ட்ராஸ்பூர்கின் ஜோசப் ஷாஷரர், நீஸின் ஜானி லிட்டி ஆகியோரின் குழுக்கள் 2018-இல் 1,011 ரகங்களின் மரபணுத்தொகைகளை வெளியிட்டன. ஒற்றை எழுத்து மாறிய இடங்கள் மட்டும் 16 லட்சத்துக்கு மேல். எல்லா ரகங்களையும் சேர்த்துப் பார்த்தால் 7,796 மரபணுக்கள். அவற்றுள் எல்லா ரகங்களிலும் இருப்பவை 4,940, மற்ற 2,856 மரபணுக்கள் சில ரகங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒரே இனம் என்று நாம் சொல்லும் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மரபணுக்கள் எல்லாருக்கும் பொதுவானவை அல்ல என்பதை முதலில் படித்தபோது எனக்கு இனம் என்ற சொல்லையே மீண்டும் யோசிக்க வேண்டியிருந்தது. சீனாவின் காடுகளிலும் தைவானிலும் எடுக்கப்பட்ட ரகங்கள் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமான வேறுபாட்டைக் கொண்டிருப்பதால், இந்த இனம் கிழக்கு ஆசியாவிலிருந்து வெளியே பரவியது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வெளியே வந்த செரிவிசியே மனிதனின் பானைகளுக்குள் நுழைந்தது. அதன் வேறுபாட்டின் பெரும்பகுதியில் நம் கைரேகை இருக்கிறது என்பதே அதன் சிறப்பும் சிக்கலும். திராட்சை மது ரகங்களில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டியதால் சல்ஃபைட்டை வெளியேற்றும் எஸ்எஸ்யு1 மரபணு வலுவாக இயங்குகிறது. மது கெடாமலிருக்கக் கந்தக மருந்து சேர்த்த மனிதப் பழக்கத்துக்கு ஈஸ்ட் கொடுத்த பதில் அது. பீர் ரகங்களில் பல, கிராம்பு வாசனை தரும் சேர்மத்தை உண்டாக்கும் பேட்1, எஃப்டிசி1 என்ற இரு மரபணுக்களை இழந்திருக்கின்றன. அந்த வாசனையை விரும்பிய ஜெர்மானியக் கோதுமை பீர் மரபில் மட்டும் அவை பிழைத்தன. தேர்வு செய்தது யார், எதற்காக, ஏறக்குறைய எந்த நூற்றாண்டில் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிற எடுத்துக்காட்டுகள் இயற்கைத் தேர்வைப் படிக்கிற எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. வளர்ப்பாக்கத்தை ஆராய விரும்புபவர் வேறு எதையும் பார்க்க வேண்டியதே இல்லை.

ஆனால் இயற்கைச் சூழலுக்குத் தகவமைதல் என்பது கேள்வியானால் இதே கைரேகை குழப்பத்தைத் தரும். கப்பலிலும் பீப்பாயிலும் பயணம் செய்த ரகங்கள் எங்கெங்கோ சந்தித்துக் கலந்துவிட்டன. பல ரகங்கள் இரண்டு மூன்று வம்சங்களின் துண்டுகளால் தைத்த ஒட்டுத்துணி போல இருக்கின்றன. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ரகங்களில் ஏதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது. பீர் ரகங்களில் ஒவ்வொரு குரோமோசோமிலும் நான்கு பிரதிகள் கொண்டவை உண்டு. அவை பாலினப் பெருக்கத்துக்கான ஸ்போர் என்ற வித்துகளை உண்டாக்கவே மறுக்கும். மரபணுத்தொகையில் எஞ்சியிருக்கும் தடங்களை வைத்துக் கணித்தவர்கள், அயல்கலப்பு, அதாவது வேறு வம்சத்தோடு கலப்பது, சுமார் 50,000 செல் பிரிவுகளுக்கு ஒரு முறைதான் நிகழ்ந்திருக்கிறது என்றார்கள். இவ்வளவு அரிதாகக் கலக்கும் உயிரியில், ஒரு பண்போடு சேர்ந்து காணப்படும் வேறுபாடு அந்தப் பண்புக்குக் காரணமா, அல்லது அந்த வம்சத்துக்கே உரிய அடையாளமா என்று வெறும் ஒப்பீட்டால் பிரித்தறிவது கடினம். மேலே சொன்ன 2011 ஆய்வே பண்புகளின் வேறுபாடு சூழலைவிட வம்ச வரலாற்றைத்தான் நெருக்கமாகப் பின்தொடர்கிறது என்று காட்டியது.

இந்தக் கடினத்தைத் தீர்க்கும் மருந்தும் அதே ஈஸ்ட்டிடம் இருக்கிறது. இயற்கையில் அரிதாகக் கலக்கும் அது ஆய்வுக்கூடத்தில் கேட்டபோதெல்லாம் கலக்கும். குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பிரிவான குன்றல் பகுப்பில் விளையும் நான்கு ஸ்போர்களையும் ஒரே பைக்குள் சேர்த்து நம்மிடம் கொடுக்கும். ஒரு குன்றல் பகுப்புக்குச் சராசரியாக 90 குறுக்கேற்றங்கள், அதாவது இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இடங்கள், நிகழ்கின்றன. முந்நூறு கோடி எழுத்துகள் உள்ள மனிதனின் மரபணுத்தொகையில் சில பத்துகள் மட்டுமே நிகழும்போது, 1.2 கோடி எழுத்துகளுக்குள் 90 என்பது எவ்வளவு நுண்ணிய கத்தரிக்கோல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வக ரகம் ஒன்றையும் திராட்சைத் தோட்ட ரகம் ஒன்றையும் கலந்து பெற்ற 1,008 சந்ததிகளில் 46 பண்புகளை அளந்த 2013 ஆய்வு, மரபுவழி வரும் வேறுபாட்டில் பல மரபணுக்களின் தனித்தனி விளைவுகள் கூட்டிச் சேரும் பங்கின் பெரும்பகுதிக்குக் காரணமான இடங்களைச் சுட்டிக்காட்டியது. மனித மரபியலில் காணாமல் போனதாகப் பல ஆண்டுகள் பேசப்பட்ட பங்கு, போதிய சந்ததிகளை அளந்தால் கிடைத்துவிடும் என்று ஈஸ்ட் காட்டியது. கண்ட வேறுபாட்டைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையைக் கொண்டு ஒரே எழுத்தாக மாற்றிச் சோதிப்பது இங்கே ஒரு வார வேலை. நான்கு கேள்விகளில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் செரிவிசியேயைவிட நல்ல விடை எந்த உயிரியிடமும் இல்லை.

அடுத்தது அதன் காட்டு உறவான சாக்கரோமைசிஸ் பாரடாக்சஸ். நான் இதற்குச் சற்றே சார்பானவன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓக் மரப்பட்டையில் வாழும் இதை எந்த மதுக் கூடமும் வளர்த்தெடுக்கவில்லை. மனிதனின் கை ஏறக்குறைய இல்லாத செரிவிசியே என்று இதை நினைத்துக்கொள்ளலாம். பட்டைத் துண்டைச் சர்க்கரையும் ஏழெட்டு விழுக்காடு எத்தனாலும் பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்தும் கலந்த திரவத்தில் சில நாள்கள் ஊற வைத்தால் மற்றவை அடங்கி இது மேலெழும். பென்சில்வேனியாவின் ஓக் காடுகளில் இதே முறையில் தேடியபோது பாரடாக்சஸும் செரிவிசியேயும் அருகருகே கிடைத்தன.

இதன் வேறுபாடு நிலப்படத்தைப் போலத் தெளிவானது. ஐரோப்பிய ரகங்கள் தமக்குள் மிக நெருங்கியவை. தூரக் கிழக்கு, வட அமெரிக்கா, ஹவாய் என ஒவ்வொரு நிலப்பகுதியின் ரகங்களும் தனிக் கிளை. கிளைகளுக்கிடையே உள்ள தொலைவு சில விழுக்காடு வரை போகிறது, அதாவது செரிவிசியே இனத்தில் காணும் சராசரி வேறுபாட்டைவிடப் பல மடங்கு. கண்டங்களைக் கடந்து கலந்தால் சந்ததியின் ஸ்போர்களில் ஒரு பகுதி பிழைப்பதில்லை. ஓர் இனம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் நடுக் கட்டத்தையே கையில் வைத்துப் பார்க்கலாம். வட அமெரிக்காவின் வடகிழக்கில், பனியுகப் பனிப்பாறைகள் பின்வாங்கியபின் இரண்டு கிளைகள் மீண்டும் சந்தித்துக் கலந்து மூன்றாவதாக ஒரு கலப்புக் கிளையை உண்டாக்கியிருப்பதைக் கியூபெக்கின் லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2016-இல் காட்டியது. இனங்கள் உருவாவதைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் நடந்த இந்த நிகழ்வுக்கு ஈடாக எனக்குப் பிடித்தவை அதிகம் இல்லை.

பாலினப் பெருக்கத்தின் கணக்கும் பாரடாக்சஸில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 2008-இல் வெளியான ஆய்வின்படி, ஏறக்குறைய ஆயிரம் தலைமுறைக்கு ஒரு முறை அது பாலினச் சுழற்சிக்குள் நுழைகிறது. நுழையும்போதும் 94 விழுக்காடு தன் பைக்குள் இருக்கும் உடன்பிறப்பு ஸ்போரோடும், 5 விழுக்காடு தன் சொந்த நகலோடும் இணைகிறது. அயலாரோடு கலப்பது ஒரு விழுக்காடுதான். பாலினம் உண்டா இல்லையா என்று கேட்பது எவ்வளவு போதாத கேள்வி என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மனிதன் பயன்படுத்தும் பண்புகள் இல்லாததால் இதில் எந்தப் பண்பை அளப்பது, அது மரப்பட்டையில் எதற்குப் பயன்படுகிறது என்பது எளிதில் விளங்காது. சேகரித்த ரகங்களில் பெரும்பாலானவை ஓக் மரங்கள் உள்ள மிதவெப்ப நாடுகளைச் சேர்ந்தவை. வெப்ப நாட்டுக் காடுகளில் தேடுபவர் பல மாதங்கள் வெறுங்கையோடு திரும்பவும் நேரலாம். அவருக்கு முனைவர் பட்டக் காலத்தில் அது பெரிய இழப்பு.

மூன்றாவதாகப் பாம்பே. சுவாகிலி மொழியில் பாம்பே என்றால் பீர். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானியப் பீரிலிருந்து 1893-இல் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். மொட்டு விட்டுப் பெருகாமல் நடுவில் பிளந்து பெருகும் இதற்கு மூன்றே குரோமோசோம்கள், ஏறக்குறைய 5,000 மரபணுக்கள். செல் பிரிவின் இயக்கத்தைப் படிக்க பால் நர்ஸ் முதலானோர் இதைப் பயன்படுத்தியதால் உயிரியல் வகுப்புகளில் நன்கு தெரிந்த பெயர். ஆனால் இயற்கை வேறுபாட்டைப் படிக்கப் போனால் கைவசம் இருப்பது குறைவு: உலகச் சேகரிப்புகளிலிருந்து 161 ரகங்களை வரிசைப்படுத்திய 2015 ஆய்வில், ஒன்றின் நகலாக இல்லாமல் தேறியவை 57 மட்டுமே. அவற்றின் சராசரி வேறுபாடுதான் மேலே சொன்ன ஆயிரத்துக்கு மூன்று. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னர் துருவிப் பார்த்தபோது, பழங்காலத்தில் பிரிந்திருந்த இரண்டு வம்சங்கள் மீண்டும் கலந்து, ஒவ்வொரு ரகத்திலும் வெவ்வேறு விகிதத்தில் அவ்விரண்டின் துண்டுகளும் இருப்பது தெரிந்தது. செரிவிசியேயில் பல வம்சங்களும் எண்ணற்ற அரிய மாற்றங்களும் சேர்ந்து தரும் அதே எண்ணைப் பாம்பேயில் இரண்டு மூதாதைகளின் கலப்பு தருகிறது. எண்ணை மட்டும் பார்த்தவர் இரண்டையும் ஒரே மாதிரி என்று எழுதிவிடுவார்.

பாம்பேயைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்து வலுவான காரணம் ஒன்றே ஒன்று, ஆனால் அது மிக வலுவானது. இதன் மரபணுத்தொகையில் டபிள்யூடிஎஃப் என்று அழைக்கப்படும் மரபணுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அதன் உறுப்புகளில் சில ஒரே இடத்திலிருந்து நஞ்சையும் நஞ்சுமுறியையும் செய்கின்றன: நஞ்சு நான்கு ஸ்போர்களுக்கும் பரவும், முறி தன்னைச் சுமக்கும் ஸ்போர்களுக்குள் மட்டும் தங்கும், ஆகவே தன்னைப் பெறாத உடன்பிறப்புகள் சாகும். 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. இரண்டு இயற்கை ரகங்களைக் கலந்தால் பெரும்பாலான ஸ்போர்கள் மடிவதற்கு இதுவும் குரோமோசோம் இடமாற்றங்களும் காரணம். உயிரிக்கு எந்த நன்மையும் செய்யாமல் தன் பங்கை மட்டும் பெருக்கிக்கொள்ளும் மரபணுக்களை ஆராய விரும்புபவர் தயங்காமல் பாம்பேயைத் தேர்ந்தெடுக்கலாம். பண்புகளின் மரபியலைத் தேடுபவருக்கு இதே கொலையாளிகள் தொல்லை. சந்ததிகளில் யார் பிழைத்தார்கள் என்பதே கணக்கைக் கோணலாக்கிவிடும்.

மருத்துவமனை சார்ந்த ஆய்வகத்தில் இருப்பவர்கள் கேண்டிடா இனங்களை நினைப்பார்கள். நினைப்பதில் நியாயமும் உண்டு. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என நான்கு கிளைகளில், கிளைக்குள் மிக நெருக்கமாகவும் கிளைகளுக்கிடையே பல்லாயிரம் எழுத்துகள் வேறுபட்டும், ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைகாட்டியது. ஈரானிலிருந்து ஐந்தாவது கிளை பின்னர் தெரியவந்தது. ஏன் ஒரே நேரத்தில் என்பது பரிணாம மரபியலின் மிக அவசரமான கேள்விகளில் ஒன்று. ஆனால் மருந்துகளுக்கு எளிதில் அடங்காத நோய்க்கிருமியைக் கையாளத் தகுந்த பாதுகாப்பு வசதி வேண்டும். விருப்பப்படி கலந்து சந்ததி எடுக்கும் வழியும் இல்லை. அந்த வசதியும் நோயாளிகளின் மாதிரிகளும் ஏற்கெனவே உள்ள இடத்தில் மட்டும் இதைத் தொடங்க வேண்டும் என்பேன்.

ஓர் இனத்தை ஆழமாகத் தோண்டுவதற்கு மாற்றாகப் பல இனங்களை அகலமாக விரித்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. ஆய்வுக்கூடம் இல்லாமல் கணினி மட்டும் வைத்திருப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். மொட்டு விடும் ஈஸ்ட்களின் 1,051 இனங்களிலிருந்து 1,154 மரபணுத்தொகைகள் 2024-இல் பொதுவில் வைக்கப்பட்டன. இந்தக் குடும்பத்துக்குள் இருக்கும் ஹான்சேனியாஸ்போரா என்ற பேரினத்தில் ஒரு கிளை, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பலவற்றையும் செல் பிரிவைக் காவல் காக்கும் மரபணுக்களில் பலவற்றையும் இழந்தபின்னும் பழங்களின் மேல் செழிப்பாக வாழ்கிறது. இன்றியமையாதவை என்று பாடநூல்கள் சொல்பவை இல்லாமல் ஓர் உயிரி எப்படி வாழ்கிறது என்ற கேள்விக்கு ஒரே இனத்தின் ஆயிரம் ரகங்களில் விடை கிடைக்காது.

வரிசைப்படுத்தும் முறையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உயிரியின் தேர்வையும் அது பாதிக்கிறது. டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு முறை மலிவானது. ஒற்றை எழுத்து மாற்றங்களுக்கு அது போதும். ஆனால் குரோமோசோம் முனைகளுக்கு அருகிலுள்ள பகுதிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் குறுந்துண்டுகள் எங்கே பொருந்தும் என்று தெரியாது; சர்க்கரைகளை உடைப்பது, நஞ்சுகளைத் தாங்குவது போன்ற பண்புகளின் மரபணுக்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நெடுந்துண்டு முறையில் 7 செரிவிசியே ரகங்களையும் 5 பாரடாக்சஸ் ரகங்களையும் ஒப்பிட்ட 2017 ஆய்வு, முனைப் பகுதிகளில் குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் கைமாறுவது செரிவிசியேயில் வேகமாகவும், குரோமோசோமின் நடுப் பகுதிகளில் எண்ணிக்கை மாறாமல் இடம் மட்டும் மாறுவது பாரடாக்சஸில் வேகமாகவும் நிகழ்வதைக் கண்டது. 2023-இல் 142 செரிவிசியே மரபணுத்தொகைகள் முனையிலிருந்து முனை வரை முழுமையாக வெளியானபின், குறுந்துண்டுகளை எஸ்288சியோடு மட்டும் பொருத்திப் பார்த்து நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே தொடக்கத்தில் சொன்ன வசதிகளும் அதே பொதுவான கேள்வியும் உள்ளவர் என்னைக் கேட்டால், செரிவிசியேயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆனால் பானை ரகங்களை விட்டுக் காட்டு ரகங்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். வம்ச வரலாறு தெளிவாக உள்ள எட்டு அல்லது பத்து இரட்டைமடிய (ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு பிரதிகள் உள்ள) காட்டு ரகங்களைச் சேகரிப்பு நிலையங்களிலிருந்து பெற்று, அவற்றை மட்டும் நெடுந்துண்டு முறையில் முழுமையாகப் படித்து, ஒன்றோடொன்று கலந்து, சந்ததிகளைக் குறுந்துண்டு முறையில் மலிவாகப் படிக்கலாம். மலேசியாவில் பெர்ட்டம் பனையின் பூத்தேனில் வாழும் ரகங்கள் போன்றவை குரோமோசோம் மாற்றங்களால் மற்றவற்றோடு கலந்தால் வளமான சந்ததி தருவதில்லை. அவற்றைத் தனிக் கேள்வியாக ஒதுக்கி வைக்க வேண்டும். இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகப் பாரடாக்சஸின் சில ரகங்களையும் அதே சூழல்களில் அளக்க வேண்டும். செரிவிசியேயில் ஒரு பண்பு சீராகக் காணப்பட்டுப் பாரடாக்சஸில் இல்லையென்றால், அங்கே மனிதக் கையைத் தேடுவது பொருளுள்ள கேள்வியாகிறது.

தமிழ்நாட்டிலிருந்து தொடங்குபவருக்குக் கள்ளும் மலைக்காட்டு மரப்பட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கள்ளில் செரிவிசியே நிறைந்திருக்கும். பனைமரத்தின் சாறு தானாகவே புளிப்பதால் அது பானைக்கும் காட்டுக்கும் இடையிலான ரகம். ஆனால் அவ்வாறு எடுத்த ரகத்தை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைப்பவர், உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இன்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவைப்படுமா என்பதை முதல் குழாயை நிரப்புவதற்கு முன்பே கேட்டறிந்துகொள்ள வேண்டும். சேகரித்த நாள், மரம், ஊர், அட்சரேகை, யார் எடுத்தார் என்பதை அன்றே எழுதிவிட வேண்டும். ஒரு ரகம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், அதன் மரபணுத்தொகையை எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும் அதன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

கேள்வி இனப் பிரிவு என்று குறுகினால் நான் பாரடாக்சஸுக்கு மாறுவேன். தன்னலமுள்ள மரபணுக்கள் என்று குறுகினால் பாம்பேக்கு. புதிதாகத் தோன்றும் நன்மை தரும் மாற்றங்கள் எத்தனை, எவ்வளவு வேகத்தில் என்று குறுகினாலும் ஈஸ்ட்டை விட வேண்டியதில்லை: 2015-இல் ஏறக்குறைய 5 லட்சம் செரிவிசியே வம்சங்களுக்குத் தனித்தனி டிஎன்ஏ அடையாளம் பொருத்தி ஒரே குடுவையில் வளர்த்தவர்கள், 168 தலைமுறைகளுக்குள் சுமார் 25,000 வம்சங்களில் நன்மை தரும் மாற்றம் எழுந்ததைக் கண்டார்கள். அந்தச் சோதனையில் அவை எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து தொடங்கியவை. அதே சோதனையைச் சீனக் காட்டு ரகத்திலும் ஐரோப்பிய மது ரகத்திலும் பக்கத்துப் பக்கத்தில் தொடங்கினால் அதே மரபணுக்களில் அதே வரிசையில் மாற்றங்கள் எழுமா என்பதைத்தான் நான் இன்று புதிதாக ஆய்வைத் தொடங்கினால் எடுத்துக்கொள்வேன்.